கூரை அளவு

கேத்தனூரில், கோழி ஏற்றிப்போன மறுநாள்,
காலிக் கொட்டகையின் கடைசியில் நின்றது அது.
ஹெரால்டு. கூரை மடங்கும் ரகம்.
வெண்ணெய் நிறமாம் ஒரு காலத்தில்.
இப்போது தீவனத் தூசி நிறம்.

"வண்டி ஓடுங்களா?"
"ஓடுச்சுங்" என்றார் சென்னியப்பன்.
அந்த 'ச்சு'வுக்கு எத்தனை வருசம் என்று
நான் கேட்கவில்லை.

உக்கடத்திலிருந்து கூட்டிப்போன யூனுஸ்
பானெட்டைத் தூக்கினான். மட்கார்டோடு சேர்ந்து
முன்பக்கம் மொத்தமும் வாய் பிளந்து எழுந்தது.
பாதி வயரை எலி தின்றிருந்தது.
மிதியடியை விலக்கினால் வண்டிக்குத் தரையில்லை,
நேராக நிலம்: நார்த்தூள், ஓர் இறகு.
ஸ்க்ரூடிரைவரால் ஓரிடத்தில் குத்தினான். உள்ளே போனது.
இன்னோரிடத்தில் குத்தினான். போனது.
"இனிமே குத்தலைங்க்கா,
வெல பேசறதுக்கு எதாச்சும் மிஞ்சோணுமுல்ல."

வண்டி இரண்டேகால்.
டிங்கரிங் ஒன்றரை என்றான்.
இன்ஜினுக்கு எவ்வளவு என்றேன்,
கொட்டகையின் ஓட்டை அண்ணாந்து பார்த்தான்.
சீட்டு எடுத்த பணம் மூன்று இருக்கிறது.
நான்கு ஓவர்லாக் மிஷினுக்கென்று
தள்ளி எடுத்த சீட்டு.

போனில் மோகனசுந்தரம்:
"மழ பேஞ்சா என்ன பண்ணுவ?"
மழையா. பல்லடத்திலா.
"சரி, வெயிலுக்கு?"
சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

போன வருசம் தோட்டத்தில் மூன்று போர் போட்டோம்.
ஆயிரத்து நூறு அடி. ஆயிரத்து இருநூற்று நாற்பது.
மூன்றாவதற்கு, உள்ளங்கையில் தேங்காய் நிறுத்திப்
பார்க்கிற ஆள் வந்தார். தேங்காய் எழுந்து நின்றது.
வெள்ளைப் புழுதி கிளம்பி
வேப்பமரத்தை இரண்டு நாள் மூடியிருந்தது.
ஒறம்பரையெல்லாம் வந்து
காப்பி குடித்து, துக்கம் கேட்டுப் போனார்கள்.
அன்றைக்கு ஒருவரும் பைத்தியம் என்று சொல்லவில்லை.
அந்தக் குழிகளுக்குள் என்ன இருக்கிறதென்று
இன்றுவரை தெரியாது.
இந்த ஓட்டையில் குனிந்தால் தெரிகிறது.
நார்த்தூள். ஓர் இறகு.

யூனுஸ் இன்ஜினையே பார்த்துக்கொண்டிருக்க
நான் பின்னால் போய்,
மடங்கிக் கிடந்த கூரையை இழுத்துப் பிரித்தேன்.
ரெக்சின் அப்பளமாய் நொறுங்கியது.
தையல் விடவில்லை.
இரட்டைத் தையல், அங்குலத்துக்கு ஏழு.
இடது ஓரத்தில் மட்டும் சாக்கு ஊசியால்
யாரோ ஒட்டுப் போட்டிருந்தார்கள்,
கோணலாக, கோபமாக,
நடுரோட்டில் நனைந்துகொண்டே போட்ட மாதிரி.
பன்னிரண்டு பவர் டேபிள் ஓட்டுகிறவளுக்கு
ஒரு வண்டியில் படிக்கத் தெரிந்த எழுத்து
இது ஒன்றுதான்.

"கொச்சியிலிருந்து ஒருத்தரு
ஞாயித்துக்கெழம வாரேன்னிருக்காருங்."
எந்த விற்பனைக்கும் ஒரு கொச்சிக்காரர்
வந்துகொண்டேதான் இருப்பார்.
என் பையில் டேப் எப்போதும் இருக்கும்.
அளந்தேன். சும்மாதான்.

செவ்வாய் இரவு, ஷிப்ட் முடிந்து
பெண்கள் பஸ் ஏறிய பிறகு,
கட்டிங் டேபிளில் பழுப்புத் தாளை விரித்து
வளைவுக்கு வளைவு வரைந்தேன்.
பின் கண்ணாடிக்கு இடம் விட்டேன்.
சாக்குத் தையல் இருந்த ஓரத்தில்
அரை அங்குலம் கூட்டி வைத்தேன்.
தடித்த ஊசி மாட்டி
கட்டிங் வேஸ்டில் ஓர் ஓட்டம் பார்த்தேன்.
நான்கு மடிப்புக்குத் தாங்கியது, ஐந்தில் ஊசி முறிந்தது.

மோகனசுந்தரம் கதவோரம் நின்று
"என்னது, தார்ப்பாயா?" என்றார்.
"அளவு" என்றேன்.

வாங்குவதாக இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.
கரூரில் கெட்டிக் கேன்வாஸ் கிடைக்கிறதாம்,
வெண்ணெய் நிறத்திலும்.
மீட்டர் என்ன விலை என்று மட்டும்
கேட்டு வைத்திருக்கிறேன்.